நிரம்பாத பின்லாந்துப் பக்கம்

ஸ்ரீரங்கம்,
கார்த்திகை 14

அன்பு மகள் வித்யாவுக்கு அப்பாவின் ஆசிகள். நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், பின்லாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். கொள்ளிடம் கரை நிறைய ஓடுகிறது, வீட்டில் உப்பு ஜாடி முதல் தலையணை உறை வரை ஈரம், அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. போனில் சொல்லக்கூடிய சேதியைத் தாளில் எழுதுகிறேன், உன் போன்தான் கிடைக்கவில்லையே.

என் தபால்தலைகளுக்கு ஆல்பம் தேடிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். ரிட்டயர் ஆன பிறகு உலகம் முழுவதையும் சேர்க்கிறேன் என்று ஆரம்பித்து, பிஸ்கட் டப்பாக்களில் நாடுகளைக் கலந்துபோட்டு வைத்திருந்தேன். ஆல்பம் இரண்டு விதம். ஒன்றில் ஆங்கில அகரவரிசையில் நாட்டுக்கு நாடு தனிப்பக்கம், ஒவ்வொரு தபால்தலைக்கும் கட்டம் அச்சாகியிருக்கும், கோடிட்ட இடத்தை நிரப்புக என்று பரீட்சையில் கேட்போமே அது மாதிரி. இன்னொன்று வெறும் தாள், கழற்றி மாட்டலாம், கட்டுரை எழுதக் கொடுக்கிற வெள்ளைத்தாள் மாதிரி, எதை எங்கே வைப்பது என்பது நம் பாடு. காலமெல்லாம் பூகோளம் நடத்தியவனுக்குக் கோடிட்ட இடம்தானே பிடிக்கும்? பொன்மலையில் ரோசம்மாள் என்பவர், ரயில்வேயில் வேலைபார்த்துக் காலமான தன் கணவரின் பழைய ஆல்பத்தைக் கொடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டுப் போய் வாங்கி வந்தேன். தபால்தலைகளை யாரோ வியாபாரி முன்பே உரித்துக்கொண்டு போயிருந்தார், அவை இருந்த இடம் மட்டும் காலிக் கட்டங்களில் பழுப்பு நிழலாகத் தெரிந்தது. கனடாப் பக்கம் மட்டும் முழுசாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். "அது வரமாட்டேங்குது சார், தண்ணி தொட்டுக்கூடப் பாத்தாங்க. எம்பையன் அங்கதான் இருக்கான். ஒவ்வொண்ணா அவனே அனுப்புவான், இவரு ஒட்டுவாரு. கடைசிக் கட்டம் நிரம்பின அன்னிக்கோட அவன் பேச்சு நின்னுபோச்சு. நல்லா இருக்கான்னுதான் பாத்தவங்க சொல்றாங்க. பேசுறதுதான் இல்லை. நீங்க எந்த நாட்டையும் முழுசா நிரப்பிடாதீங்க" என்றார். பாவம், தனிமை பேசுகிறது என்று நினைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன்.

நீ ஞாயிற்றுச் சந்தையில் பொறுக்கி அனுப்பிய பழைய தபால்தலைகள் பின்லாந்துப் பக்கத்தின் நிழல்களில் நூல் பிசகாமல் உட்கார்ந்தன. மூலையில் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் நிழல் இல்லை, ரோசம்மாளின் கணவர் அதை நிரப்பவே இல்லை போலிருக்கிறது. அதற்குரியது உன் கடைசிக் கவரில் வந்தது. என்னவோ, ஒட்டாமல் வைத்திருந்தேன். நான் காந்தி மார்க்கெட் போயிருந்த நேரத்தில், எனக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அம்மா அதை ஒட்டிவிட்டாள். அன்று சாயங்காலம்தான் வைகுண்ட ஏகாதசிக்கு லீவு இல்லை, வரமுடியாது என்று நீ செய்தி அனுப்பினாய். அதன்பிறகு நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. பயந்துபோய் உன் சிநேகிதி ஆபிதாவுக்குப் போன் செய்தேன். "நேத்துகூடப் பாத்தேன் அங்கிள், நல்லாத்தான் இருக்கா. யார்கிட்டயும் பேசுறதுதான் இல்லை" என்றாள். அதே வார்த்தை, வித்யா. பொன்மலையில் கேட்ட அதே வார்த்தை.

நேற்று ஆல்பத்தைத் திறந்தேன். அது எப்போதும் கனடாப் பக்கத்தில்தான் தானாக விரியும், அங்கே மட்டும் பக்கம் தடிமன் என்பதால் என்று அம்மாவுக்கு விளக்கியிருக்கிறேன். உன் தபால்தலை அங்கே குப்புறக் கிடந்தது. பின்லாந்தில் மூலைக் கட்டம் காலி. ஈரத்தில் அப்பளம் நமுத்துப்போவது போல ஒட்டுத்தாளும் இளகி விட்டுவிடும் என்று அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, விழுந்துச்சு. மூடி வச்ச புஸ்தகத்துல சீனா, டென்மார்க், எகிப்து எல்லாம் தாண்டி எப்படிங்க அங்க போச்சு?" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன், விடை தெரியாதபோது வகுப்பில் சொல்வது போல. நாளை வந்துவிட்டது, எனக்கு இன்னும் தெரியவில்லை.

மற்ற நாடுகளையெல்லாம் வெறுந்தாளுக்கு மாற்ற ஆரம்பித்துவிட்டேன். அதில் கடைசிக் கட்டம் என்று ஒன்று கிடையாது, வேண்டுமானால் இன்னொரு தாள் மாட்டிக்கொள்ளலாம். பின்லாந்தை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். "அவ வந்ததும் இங்க உக்காத்தி அவ கையாலயே ஒட்டச் சொல்லுங்க, அப்புறம் எங்க போயிடுவா பாப்போம்" என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ அங்கேயும் ஒட்டிக்கொள்ள வேண்டாம், இங்கேயும் வேண்டாம். அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். போன தடவை நாங்கள் எடுத்த உன் கல்யாணப் பேச்சுதான் இந்த மௌனத்துக்குக் காரணமென்றால், அதை இனி எடுக்கமாட்டோம். ஏகாதசிக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வார்த்தை பேசு.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. இனித் தபால்தலை எதுவும் அனுப்பாதே, மறந்துவிடாதே. ரங்கநாதர் உன்னைக் காப்பார்.

என்றும் உன் நலம் நினைக்கும்
அப்பா,
சுப்புராமன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் போனைப் பார்த்தேன். இரண்டு டிக் விழுந்திருக்கிறது. அம்மா கைபேசியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். ஆல்பம் மேஜைமேல் மூடித்தான் இருக்கிறது, இன்று அதை நான் திறக்கப்போவதில்லை.