கொப்பரன் கொடி இறங்கிய காலை

வதாமு,
மார்ச் ஒன்பது

அன்பு மகள் ஸெய்த்தூனிக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உன் உம்மாவும் நானும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் உடம்புக்கு ஒரு குறைவும் இல்லாமல், ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவே நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்றே நினைத்து எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் பாதியில் நீ கோபப்படுவாய், நான் உடனே ஆட்டுக்குட்டி, மழை என்று பேச்சை மாற்றிவிடுவேன், என் புத்தி எனக்குத் தெரியும். காகிதம் என்றால் நீ கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும். எழுத்து பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோலப் பெரிசு பெரிசாக இருப்பதைப் பார்த்துப் பதறாதே, அதற்கும் காரணம் சொல்லத்தான் போகிறேன். உன் உம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, நீ அனுப்பிய தைலத்தை எனக்குத் தராமல் ஒளித்து வைத்துக்கொள்கிறாள்.

இந்த வருஷக் கடலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், நீ எப்போதும் அதைத்தான் கேட்பாய். கஸ்காசி என்கிற வாடைக்காற்று டிசம்பர் பாதி தாண்டித்தான் வந்தது. பருவம் தப்பி மேலே மழை கொட்டி, சபாகி ஆறு செம்மண்ணைக் கொண்டுவந்து கடலில் தள்ளியதில், ஏழு மைல் போனாலும் தண்ணீர் தேநீர் நிறத்திலேயே இருந்தது. மயில்மீன் கலங்கலில் வராது. போன வருஷம் ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது என்று பிடித்துவிட்ட இடத்தில் இந்த வருஷம் நாலு நாளைக்கு ஒன்று. காசு கொடுத்துத் தூண்டில் போட வரும் விருந்தாளிகளைச் சும்மா திருப்பி அனுப்ப முடியாமல் பவளத்திட்டுக்கு உள்பக்கமே சுற்றிக்கொண்டிருந்தோம், மிடா கழிமுகத்தில் பாறை மீனும் ஊளியும் ஓரளவு கடித்தன, வஞ்சிரம் இரண்டு நல்லது கிடைத்தது, அவ்வளவுதான். ஜனவரிக் கடைசியில் தண்ணீர் தெளிந்து நீலத் தண்ணீர் கரைக்குக் கிட்டே வந்தது, கூடவே சூரைக் கூட்டமும், அதற்குப் பின்னாலேயே ஈட்டி மூக்குக் கொப்பரன் மீனும். ஆனால் அதற்குள் எனக்கு அலுத்துவிட்டது மகளே. முப்பத்தொரு வருஷமாகச் சுக்கானைப் பிடித்த கை, இந்த வருஷம் விடிகாலையில் எழுந்து போகவே கசந்தது. வயசு என்று நினைத்துக்கொண்டேன்.

லூச்சியானா அம்மாளை உனக்கு நினைவிருக்கும், பிப்ரவரி தோறும் புருஷனோடு வரும் இத்தாலிக்காரி, நீ சின்னவளாக இருந்தபோது உனக்கு வண்ணப் பென்சில் கொண்டுவருவாள். அந்த மனிதர் பதினோரு வருஷம் நம் ஷ்வாரி படகில் வந்தார், மயில்மீன் எத்தனையோ பிடித்தார், ஒரு கொப்பரன் மட்டும் அவருக்கு வாய்க்கவே இல்லை. போன ஆகஸ்டில் இறந்துபோனார். இந்த வருஷம் அந்த அம்மாள் தனியாக வந்தாள், அவருடைய தூண்டில் கழியையும் தொப்பியையும் எடுத்துக்கொண்டு. முதல் நாளே என்னிடம், “அவருக்காக ஒண்ணே ஒண்ணு, கேப்டன், அப்புறம் நான் மீன்பிடிக்கவே வரமாட்டேன்”, என்றாள். ஐந்து நாள் அலைந்தோம். ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு வரிக்கொப்பரன் ஒன்று கடித்தது. ஒரு மணி பத்து நிமிஷம் அந்த அம்மாள் நாற்காலியை விட்டு அசையாமல் இழுத்தாள், யாரையும் கழியைத் தொட விடவில்லை. நம் வழக்கம் உனக்குத் தெரியும், மீனைக் கொல்வதில்லை, கொக்கிக்கு மேலே இருக்கும் தடித்த தூண்டில் நரம்பில் படகு ஆளின் கை பட்டுவிட்டால் பிடித்ததாகக் கணக்கு, அப்புறம் மீன் அறுத்துக்கொண்டு போனாலும் சரி, நாமே விட்டாலும் சரி. கரையில் காட்ட மீன் கிடையாது, படகில் ஏற்றுகிற அந்தந்த மீனின் கொடிதான் சாட்சி, கேப்டன் சொன்னால் சொன்னதுதான். படகின் பின்பக்கம் கிழக்கே பார்த்திருந்தது, வெயில் தண்ணீரில் பட்டுக் கூசியது. நான் சுக்கானிலிருந்து திரும்பிப் பார்த்தேன், படகு ஆள் கொம்போவின் வெள்ளைக் கையுறை நரம்பின் மேல் விழுந்ததைப் பார்த்தேன், பார்த்தேன் என்றுதான் இன்றைக்கும் என் மனசு சொல்கிறது. அடுத்த நொடி கொக்கி கழன்று மீன் போய்விட்டது. “பட்டாச்சு, நான் பாத்தேன், கொடிய ஏத்து”, என்று கத்தினேன். அந்த அம்மாள் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நீ பன்னிரண்டு வயசில் உம்மாவின் பழைய லேசோத் துணியில் தைத்துக்கொடுத்தாயே, அந்த நீலக் கொப்பரன் கொடி, இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஏறியது. கரையில் எல்லாரும் கைதட்டினார்கள்.

படகைக் கழுவும்போது கொம்போ வாயே திறக்கவில்லை. உன் மாமன் மகன் வாய் திறக்காமல் இருந்து யார் பார்த்தது. சின்னத் தோணியில் கரைக்கு வரும்போது என்னடா என்று கேட்டேன். “மாமா, என் கை படல, ரெண்டு முழம் இருந்துச்சு”, என்றான். அப்போதே ஏன் சொல்லவில்லை என்றேன். “நீங்க கண்ணால பாத்தேன்னு கத்துறீங்க, அந்தம்மா அழுவுது, நான் குறுக்க என்னத்தச் சொல்ல”, என்றான். இன்னும் என்னடா எனக்குத் தெரியாமல் இருக்கிறது என்று கேட்டேன். துடுப்பை எடுத்துத் தோணிக்குள் வைத்தான். அப்புறம், “பாட்டு, மாமா”, என்றான்.

ஸெய்த்தூனி, நம் படகு பவளத்திட்டின் இடைவெளியில் நுழையும்போதெல்லாம் அவன் முன்பக்கம் நின்று பாடுவான். இரண்டு பருவமாகப் பாடுகிறான். கல்யாணப் பேச்சு நடக்கிற குஷி என்று நான் நினைத்து, குரல் கழுதைக்கு அண்ணன் என்று கேலிகூடச் செய்திருக்கிறேன். நான் இடப்பக்கம் ஒதுங்கினால் குரலை உயர்த்துவானாம், வலப்பக்கம் போனால் இறக்குவானாம், நேராகப் போனால் ஒரே சீராகப் பாடுவானாம். நானும் எனக்கே தெரியாமல் அந்தப் பாட்டுக்குச் சுக்கானைத் திருப்பியிருக்கிறேன். பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு அந்தத் திட்டில் நான் படகை ஓட்டியது என் கண்ணால் அல்ல.

இப்போது உன்னிடம் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். போன வருஷம் நீ பணம் அனுப்பி மொம்பாசா கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாய், நான் போய் வந்தேன், டாக்டர் ஒன்றும் இல்லை என்றார் என்று உன்னிடம் சொன்னேன். நான் போகவில்லை. பாதி வழியில் கிலிஃபியில் வண்டியை விட்டு இறங்கி, ஒரு தேநீர் குடித்து, கொக்கியும் நரம்பும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் வரை சந்தையில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். டாக்டர் ஏதாவது சொன்னால் முதலாளி சுக்கானை வாங்கிவிடுவார் என்ற பயம், வேறொன்றும் இல்லை. உன்னிடம் பொய் சொன்னதற்கு வெட்கப்படுகிறேன்.

கொம்போ சொன்னதற்கு மறுநாள் காலை அந்த அம்மாள் தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். சொன்னால் சுக்கான் போகும், சொல்லாவிட்டால் அவள் செத்துப்போன புருஷன் பேரில் ஒரு பொய்யை ஊருக்குக் கொண்டுபோவாள். வாசலிலேயே மூன்று தடவை திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். உள்ளே போய், கை படவில்லை அம்மா, என் கண் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் ரொட்டித் துண்டைக் கீழே வைத்துவிட்டு, “எனக்குத் தெரியும் கேப்டன், கழி என் கையிலதானே இருந்துச்சு. நீங்க கொடி ஏத்தச் சொன்னதும் எனக்கும் மறுத்துச் சொல்ல வாய் வரல”, என்றாள். படகில் மூன்று பேர் இருந்தோம் மகளே, எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியவில்லை. அவளே என்னோடு தோணியில் வந்தாள், இருவருமாகக் கொடியை இறக்கினோம், அவளே மடித்து என் கையில் கொடுத்தாள். பகலில், எல்லாப் படகும் பார்க்க. பக்கத்துப் படகு சுலைமானி, “என்ன லாலி, மீனு கரைக்கு வந்த பொறவு தப்பிச்சிருச்சா”, என்று கத்தினான், சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த அம்மாள் இன்னொரு கொப்பரன் காணாமலே ஊருக்குப் போனாள். தொப்பியை மட்டும் படகிலேயே மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

முதலாளியிடமும் நானே சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை, “கண்ணக் காட்டிட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்”, என்றார். அதுவரை சுக்கான் கொம்போ கையில், நான் பின்பக்கம் இரை கட்டுகிறேன். விரலுக்கு இன்னும் கண் தேவைப்படவில்லை. முதல் நாள் வெளியே போனபோது திட்டு நெருங்க நெருங்க நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கொம்போ வாயை மூடிக்கொண்டு முன்னால் பார்த்து ஓட்டினான். ஒருவரும் பாடவில்லை. இடைவெளியைத் தாண்டிய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது, இரைப் பெட்டிக்குள் குனிந்துகொண்டேன்.

இன்னும் மூன்று வாரத்தில் குசி என்கிற தென்காற்று திரும்பிவிடும், படகைக் கரையேற்றிவிடுவோம். வருகிற பதினேழாம் தேதி மொம்பாசா போகிறேன், இந்தத் தடவை உன் உம்மாவும் வருகிறாள், நான் கிலிஃபியில் இறங்கிவிடாமல் பிடித்துக்கொள்ள ஜன்னலோரம் என்னை உட்காரவைப்பாளாம். பணம் எதுவும் அனுப்பாதே, நீ போன வருஷம் அனுப்பியதில் தேநீர்க் காசு, கொக்கிக் காசு போக மிச்சம் அப்படியே இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடாமல் போகாதே, உன்னைப் பெண் கேட்டு வரும் அந்த லாமுப் பையனைப் பற்றி உம்மாவுக்கு ஒரு வரி எழுது, என்னைத் துளைக்கிறாள். அல்லாஹ் உன் கைக்கும் கண்ணுக்கும் பலம் தரட்டும், நீ தொடுகிற நோயாளிகள் எல்லாம் குணமாகட்டும் என்று ஐந்து வேளையும் துஆ செய்கிறோம்.

ஒன்று மறந்துவிடாதே, விடுமுறைக்கு வரும்போது நீல நூல் ஒரு கண்டு வாங்கி வா. கொப்பரன் கொடியின் ஓரம் காற்றில் ஒரு சாண் பிரிந்திருக்கிறது. நானே தைத்துவிடலாம் என்று நேற்று உட்கார்ந்தேன், மதியம் முழுக்க முயன்றும் ஊசியில் நூலைக் கோக்க முடியவில்லை.

இப்படிக்கு,
உன் வாப்பா,
லாலி ஃபமாவு