இருபத்து நான்கு பேரில் அப்பாவும் உண்டு

என் பிள்ளைக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். எனக்குக் கோபம் மட்டும் இன்னும் தீரவில்லை.

செவ்வாய்க்கிழமை கிளப் செயலாளர் கோடைக்கால கோல்ஃப் பயணத்துக்கான பட்டியலோடு வீட்டுக்கு வந்தார். பன்னிரண்டு வருடமாக முதல் வரியில் இருந்த அப்பாவின் பெயரைக் காணோம். கேட்டதற்கு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உங்க பையன்தாம்மா எழுதியிருந்தார். பார்வை சுத்தமா போனவர், வெளியூர்ல விழுந்து கிழுந்து வெச்சா யார் பதில் சொல்றதுன்னு" என்றார். உள்ளேயிருந்து அப்பா, "விடு, அவன் சொல்றது நியாயந்தானே" என்றார். நீ எழுதியதைவிட அந்த 'நியாயந்தானே'தான் என்னை எரித்தது.

"பட்டியலை இப்படிக் குடுங்க. இந்த வருஷம் ஏற்பாடெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றேன். தலைவலி விட்டது என்று நினைத்தாரோ என்னவோ, மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார்.

இருபத்து நான்கு பேர், ஆறு நாள், நான்கு மைதானம். சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். நாங்கள் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறோம். குறட்டை வக்கீலுக்குத் தனி அறை, முழங்கால் வலிக்காரர்களுக்குக் கீழ்த்தளம், எல்லோருக்குமாக ஒரே பஸ். அப்பாவின் நால்வர் குழுவை எல்லா நாளும் கடைசியில் போட்டேன். பின்னால் நின்று யாரும் அவரை அவசரப்படுத்த முடியாது.

மூன்றாவது மைதானத்து மேலாளர், "கண்ணு தெரியாதவர் ஆடுனா மத்தவங்களுக்கு லேட் ஆகும்மா" என்று இழுத்தார். அந்த மைதானத்தையே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். மலைக்கு அந்தப் பக்கம் ஒன்பது குழி மட்டும் உள்ள சின்ன மைதானம் ஒன்று அகப்பட்டது. அதையே இரண்டு சுற்று ஆடினால் வழக்கமான பதினெட்டுக் குழியும் ஆகிவிடும். அங்கே போனை எடுத்த பெண் கேட்டது ஒன்றுதான்: "பந்தைப் பாத்துச் சொல்ல ஆள் இருக்கா?" நான் இருக்கிறேன் என்றேன்.

பெரிய மைதானம் போனதில் பட்டியலில் இருந்த பல் டாக்டருக்குக் கோபம். "ஒருத்தருக்காக இத்தனை பேரா?" என்று கேட்டு விலகிக்கொண்டார். நான் கெஞ்சவில்லை.

ஞாயிறு காலை கிளப் மைதானத்தில் எல்லோர் முன்னிலையிலும் அப்பாவை ஆட வைத்தேன். நான் குனிந்து மட்டையைப் பந்துக்குப் பின்னால் நேராக வைத்து, தூரத்தைச் சொல்லி, விலகிக்கொள்ள வேண்டும். மூன்று முறை காற்றைத்தான் அடித்தார். ஆளாளுக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போதும் என்ற சொல் என் வாய்வரைக்கும் வந்துவிட்டது. நான்காவது முறை 'டக்'கென்று பட்டது. "எங்க போச்சு?" என்றார். "நேரா புதருக்குள்ள" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். கண் போன இந்த ஒன்பது மாதத்தில் நான் கேட்காத சிரிப்பு. வக்கீல் சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் புதருக்குள் நுழைந்து பந்தை எடுத்து வந்தார்.

விழுந்துவிடுவார் என்று நீ பயப்படுகிறாய். எனக்கும் பயம்தான். போன மாதம் குளியலறையில் விழுந்தார். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் மறைத்தேன். வீட்டுக்குள் பத்திரமாக வைத்திருந்த மனிதர்தான் விழுந்தார். எங்கேயும் விழலாம் என்றால், புல்லில் விழட்டும்.

உன் கையால் அடிபட்ட பெயரை என் கையால் முதல் வரியில் எழுதிவிட்டேன். அதை இனி யாரும் தொட வேண்டாம், நீ உட்பட.

பல் டாக்டரின் இடம் காலியாக இருக்கிறது. பதினேழாம் தேதி காலை ஏழு மணிக்கு பஸ். அந்த இடத்துக்கு உன்னைக் கூப்பிடுவதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு அடிக்கும் குனிந்து எழ என் இடுப்பு ஆறு நாள் தாங்குமா என்று தெரியவில்லை. தாங்காவிட்டாலும் நாங்கள் போவோம்.

நீ நன்றாயிருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. உன் அப்பாவின் கையைப் பிடித்து நீ நடந்தது நினைவிருந்தால், வா.

அம்மா