செல்வி அக்காவின் வக்காலத்து

8, திங்கள்

காலைல இருந்து தூறல். வார்டு ஆபீஸ்ல குடை வைக்க இடம் இல்ல. இன்னைக்கு வந்த புகார்: சாக்கடை அடைப்பு 3, தெருவிளக்கு 2, நாய் 1 (அதே நாய்).

பி.ஏ. நாகராஜ் ஒரு லெட்டர் நீட்டினான். பெங்களூரு சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்ட் ஓரம் நடைபாதைக் கடை எல்லாத்தையும் சனிக்கிழமைக்குள்ள எடுக்கச் சொல்லி, கவுன்சிலரான நான் கார்ப்பரேஷனுக்கு எழுதுற மாதிரி. "சைன் மாடி மேடம், ஒரு கையெழுத்துதான். வயசானவங்க ரோட்ல இறங்கி நடக்குறாங்க." நியாயம்தான். போட்டேன். மதியம் புளிசாதம், உப்பு ஜாஸ்தி.

9, செவ்வாய்

பல் விளக்கும்போதுதான் உறைச்சது. அந்த வரிசைல நாலாவது செல்வி அக்கா. தையல் மிஷின் போட்டு பைகளுக்கு ஜிப் மாத்துறவங்க. வக்கீலா இருந்தப்போ, கடையை எடுக்கக் கூடாதுன்னு அவங்களுக்கு ஸ்டே வாங்கினது நான். அந்தக் கேஸாலதான் ஏரியாவுல என்னைத் தெரிஞ்சது, ஓட்டு விழுந்தது. ஜெயிச்சதும் கோர்ட் பக்கமே போகல. கேஸை யார்கிட்டயும் ஒப்படைக்கவும் இல்ல. ஸ்டே போன மாசமே முடிஞ்சிருக்கு. கர்மம்.

லெட்டரைத் திரும்பக் கேட்டேன். நாகராஜ்: "ஆகோய்த்து மேடம், முடிஞ்சு போச்சு. நோட்டீஸ் ஒட்டியாச்சு."

11, வியாழன்

மழை விட்டுது. செல்வி அக்கா வந்தாங்க. உட்காரச் சொன்னேன், உட்காரல.

"வேற வக்கீல் பாத்துட்டேன்மா. புதுசா வந்தவரு. முன்ன இருந்த வக்கீல் ஆட்சேபணை இல்லைன்னு வக்காலத்துல எழுதித் தரணுமாமே."

"எம்மேல கோவமா அக்கா?"

"கோவப்பட நேரம் ஏதும்மா? சனிக்கிழமை லாரி வந்துரும். மிஷினைத் தூக்கிட்டுப் போய்ட்டா நான் என்ன பண்ணுவேன்?"

எழுதிக் கொடுத்தேன். வெக்கமா இருந்துச்சு, வேற என்ன.

அக்கா கையில இருந்த புது மனுவையும் வாங்கிப் படிச்சேன், பழக்கதோஷம். மூணாவது எதிர்மனுதாரர் நான். ஆனா முக்கியமானதே அதுல இல்ல. கடைக்காரங்களைக் கணக்கெடுத்தப்போ கார்ப்பரேஷனே அக்காவுக்குக் கொடுத்த அடையாள அட்டை. அது இருந்தா வேற இடம் காட்டாம அவங்களை எடுக்க முடியாது. அந்த வக்கீலுக்கு எப்படித் தெரியும், பாவம்? நகல் என் பீரோல. பழைய கேஸ் கட்டை அப்படியே கொடுத்தேன். ஒரு தாள்ல அட்டையைப் பத்தி ஒரு பாராவும் எழுதிக் கொடுத்தேன்.

"இதை ஆறாவதா சேர்க்கச் சொல்லுங்க. நான் எழுதினேன்னு மட்டும்..."

"நான் ஏன்மா சொல்லப்போறேன்."

13, சனி

வெயில். சாக்கடை இன்னும் 2 பாக்கி. செல்வி அக்காவுக்கு நேத்து ஸ்டே கிடைச்சிருச்சு. காலைல லாரி வந்துட்டுப் போச்சு. ஆபீஸ் வர்ற வழில பாத்தேன். நடைபாதை சுத்தமா இருக்கு. அக்கா மிஷின் மட்டும். பக்கத்துல இருந்த சாவிக்காரர், செருப்புக் கடை, யாரும் இல்ல. அவங்க யாரும் என்கிட்ட வரல. நானும் போகல.

பதினோரு மணிக்கு கோர்ட்ல இருந்து ஆள், மனு நகலோட. நாகராஜ் நின்னுக்கிட்டே படிச்சான். "ஆறாவது பாரால நம்மள நல்லா மாட்டிவிட்டுருக்கான். யார் மேடம் இந்த வக்கீல்?"

பேனா கேட்டேன். நகல் பெற்றுக்கொண்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.