சிறை வாசலில் விடைபெறுவது

ரண்டர்ஸ், டென்மார்க், ஆவணி 2009

அன்புள்ள அம்மாவுக்கு,

சண்டை முடிந்தும் முள்ளுக்கம்பி முகாமுக்குள் இருக்கும் நீங்கள் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். நான் நல்ல சுகம். சிறைக்காவலர் வேலை பழகிவிட்டது. இங்கே கைதிகள் தாங்களே சமைக்கிறார்கள். நான் சொல்லிக்கொடுத்த பருப்புக்கறிக்கு நல்ல பெயர்.

போன கிழமை விடுதலையான ஒருவரை வாசல்வரை கூட்டிப்போனேன். எங்கள் வழக்கம் விடுமா? "போயிட்டு வாங்கோ" என்று டேனிஷில் சொல்லிவிட்டேன். "திரும்பி இங்கேயா? ஆளை விடு!" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

உங்கள் பிரஷர் குளிசையின் பெயரை எழுதி அனுப்புங்கள். உங்களோடு இருக்கும் தங்கச்சி எழுத வேண்டாம், உங்கள் கையெழுத்தில் வரட்டும்.

வேலைக்கு நேரமாகிறது. உங்களையும் கட்டாயம் வெளியே விடுவார்கள். அன்றைக்கு அந்த வாசலில் மட்டும் "போயிட்டு வாறன்" எண்டு சொல்லிப்போடாதேங்கோ, அம்மா. "போறன்" எண்டே சொல்லுங்கோ.

உங்கள் மகன்,
கோணேசன்