முதல் கேள்விக்கு ஆமாம், மீதிக்கெல்லாம் இல்லை

செப்டம்பர் 5, செவ்வாய்

இன்று மூன்று பெயர்ப்பலகைகளும் ஒரு மாவு மூட்டையும் படித்தேன். மாவு மூட்டையில் சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை.

முப்பது வருடமாக முழங்காலில் தேய்த்துவரும் தைலப் புட்டியையும் படித்தேன். ‘குதிரைகளுக்கு மட்டும்’ என்று போட்டிருக்கிறது. முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. வாங்கி வந்தவள் என் பெண்டாட்டி வெல்டா. அவளுக்குப் படிக்கத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. படிக்க ஆளில்லாமல் தபால் குவிந்துகொண்டே போனது. அதனால்தான் எழுபத்துநாலு வயதில் எழுத்துப் படிக்க நூலகத்துக்குப் போனேன். “தினம் நாலு வரி எழுதுங்க பெரியவரே, யாரும் திருத்த மாட்டாங்க” என்றாள் ஆர்டித், எனக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். நாலு வரி எப்போதோ தாண்டிவிட்டது. கை வலிக்கிறது. நல்ல வலி.

செப்டம்பர் 7, வியாழன்

ஆர்டித் ஒரு வாத்தைப் பற்றிய புத்தகம் கொடுத்தாள். வாத்து குளத்துக்குப் போகிறது. திரும்பி வருகிறது.

“எம்மா, வாத்தைப் பத்தி நானே உனக்குச் சொல்வேனே” என்றேன்.

“சரி, வேற என்ன வேணும்? உங்க வீட்டுல தினம் கைபடுற சாமான் ஏதாவது சொல்லுங்க.”

“துப்பாக்கி.”

அலமாரிக்குப் போய், நம் மேற்கு வர்ஜீனியாவிலும் பக்கத்து வர்ஜீனியாவிலும் உள்ள துப்பாக்கிச் சட்டங்களை எளிமையாகச் சொல்லும் சிறு புத்தகம் ஒன்றை எடுத்து வந்தாள். தூசி தட்டிக் கொடுத்தாள். நம் மாவட்டத்தில் துப்பாக்கி இல்லாத வீடு கிடையாது. இந்தப் புத்தகத்தை இதற்குமுன் இரவல் எடுத்தவர் ஒருவரும் கிடையாது.

செப்டம்பர் 14, வியாழன்

ஒரு வாரத்தில் ஆறு பக்கம்.

வியாழன்தோறும் மலையைத் தாண்டி வர்ஜீனியா பக்கம் மாட்டுத் தீவனம் வாங்கப் போவேன். கோட்டுப் பையில் ரிவால்வர் இருக்கும். பாம்புக்கு. புத்தகம் சொல்வது இது: மலைக்கு இந்தப் பக்கம், மேற்கு வர்ஜீனியாவில், கோட்டுக்குள் ஒளித்து வைக்கப் பெரியவர்களுக்கு உரிமத் தாள் வேண்டாம். முகட்டைத் தாண்டினால் வேண்டும். தாள் இல்லாதவர் வண்டியில் மூடிய பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே இன்று முகட்டில், ‘வர்ஜீனியா வரவேற்கிறது’ பலகையடியில் வண்டியை நிறுத்தினேன். ரிவால்வரைப் பையிலிருந்து எடுத்து டேஷ்போர்டு பெட்டியில் வைத்து மூடினேன். திரும்பும்போது அதே இடத்தில் நிறுத்திப் பெட்டியிலிருந்து பைக்கு மாற்றினேன். பின்னால் டென்சில் வந்தான். ஐம்பது வருடமாக என்னோடு மான் வேட்டைக்கு வருகிறவன். ஜன்னலை இறக்கினான்.

“என்னடா ஓர்வில், வண்டி நின்னுபோச்சா?”

“இல்ல. சட்டம் மாறுது இங்க.”

“எங்க?”

“இதோ, உன் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல.”

இறங்கி வந்து தன் சக்கரத்தைப் பார்த்தான். “அம்பது வருஷமா கோட்டுலதானடா வெச்சிருந்த?”

“அப்ப எனக்குப் படிக்கத் தெரியாதே.”

“அப்ப நீ நிம்மதியா இருந்த” என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் கோட்டுப் பையும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

புத்தகத்தில் வரிக்கு வரி ‘சட்டப்படி வைத்திருக்கத் தகுதி உள்ளவர்’ என்று வருகிறது. அது யார் என்று பின்னால் ஒரு பக்கத்தில் இருக்கிறதாம். இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை.

செப்டம்பர் 26, செவ்வாய்

காய்ச்சல். ஒரு வரி மட்டும். இதுதான் அது.

அக்டோபர் 12, வியாழன்

வேட்டை ரைபிள் உடைந்துவிட்டது. லோவெலின் துப்பாக்கிக் கடைக்குப் புதிது வாங்கப் போனேன். துப்பாக்கி வாங்குவதற்கான படிவத்தை என் கையாலேயே நிரப்பப் போகிறேன் என்று காலையிலேயே சவரம் செய்துகொண்டேன்.

முன்பெல்லாம் வெல்டாதான் நிரப்புவாள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வேறொருவர் நிரப்பலாம். கடைக்காரர் கூடாது. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி போடுவேன். கடையில் நிற்கிற யாராவது சாட்சி. போன தடவை பால் வண்டிக்காரர்.

லோவெல் படிவத்தை நீட்டினான். “முதல் கேள்விக்கு ஆமாம், மீதிக்கெல்லாம் இல்லை. முடிஞ்சுது.”

“படிச்சிட்டுப் போடறேன்.”

“படிக்கவா?” என்றான். “இருபது வருஷமா விக்கிறேன் தாத்தா, நானே முழுசாப் படிச்சதில்ல.”

வாங்குவது எனக்குத்தானா? ஆமாம். அடுத்து, வழக்கு ஏதும் நடக்கிறதா? இல்லை. அதற்கடுத்து ஒரு நீளக் கேள்வி. பெருங்குற்றத்துக்கோ, நீதிபதி ஓராண்டுக்கு மேல் சிறையில் அடைத்திருக்கக்கூடிய வேறெந்தக் குற்றத்துக்கோ எப்போதாவது தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா, குறைந்த தண்டனையே கிடைத்திருந்தாலும்?

விரலை வைத்து மூன்று தடவை படித்தேன். அடைத்தாரா என்று கேட்கவில்லை. அடைத்திருக்கக்கூடுமா என்று கேட்கிறார்கள்.

“என்ன தாத்தா, எழுத்து மங்கலா?”

“நல்லாத் தெரியுது.”

பேனாவை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பின்னாலேயே குரல் கொடுத்தான்: “வெல்டா அம்மா ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருவாங்க!”

அதுதான்.

அக்டோபர் 13, வெள்ளி

எழுதிவிடுவது நல்லது. எழுபத்திரண்டாம் வருடம். கல்யாணமாகி ஒரு வருடம். மலைக்கு அந்தப் பக்கம் மூடிக்கிடந்த ஆலையிலிருந்து நானும் ஒரு பங்காளியும் செம்புக் கம்பி எடுத்தோம். வேண்டாமென்று போட்டது என்று நினைத்தோம். ஆலைக்காரர் அப்படி நினைக்கவில்லை. ஒரே நாளில் விசாரணை முடிந்தது. ஒரு தாளில் பெருக்கல் குறி போட்டேன். வெளியே வந்து வெல்டாவிடம் கொடுத்தேன். படித்துப் பார்த்தாள்.

“என்ன போட்டிருக்கு?”

“மூணு வருஷம் ஒழுங்கா இருக்கணுமாம்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

ஒழுங்காக இருந்தேன். மூன்று வருடத்துக்குப் பிறகும் இருந்தேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

அவள் சமையல் குறிப்பு வைத்திருந்த தகரப் பெட்டியில், ஆப்பிள் பணியாரத்துக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் அந்தத் தாள் இருந்தது. அச்செழுத்துதான். காலையில் ஆரம்பித்து மாடு கறக்கும் நேரத்தில் முடித்தேன்.

பெருங்களவு. குற்றவாளி. மூன்று ஆண்டு சிறை. நிறுத்திவைக்கப்பட்டது. கீழே என் பெருக்கல் குறி. அதன்பிறகு புத்தகத்தின் பின்பக்கத்துக்கும் போனேன். ‘தகுதி இல்லாதவர்’ பட்டியலில் முதல் ஆளே நான்தான். மாநிலச் சட்டம் ஒன்று, அதற்குமேல் நாட்டுச் சட்டம் ஒன்று. இரண்டிலும் இருக்கிறேன். மலையின் எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றுதான். துப்பாக்கியும் கூடாது, தோட்டாவும் கூடாது.

ஐம்பத்தொரு வருட மான் வேட்டை. முகட்டில் ரொம்பப் பொறுப்பாக வண்டியை நிறுத்தி, பையிலிருந்து பெட்டிக்கு மாற்றினேனே — பையிலும் குற்றம், பெட்டியிலும் குற்றம்.

தாளின் பின்பக்கம் பென்சிலால் வெல்டா ஏதோ எழுதியிருக்கிறாள். சேர்த்து எழுதும் எழுத்து. எனக்குத் தனித்தனி எழுத்துதான் வரும். ஒரு சுருளும் புரியவில்லை.

அக்டோபர் 16, திங்கள்

டென்சிலை வரச்சொன்னேன். ரைபிள், ஷாட்கன், ரிவால்வர், தோட்டா டப்பாக்கள் எல்லாம் மேசைமேல் வைத்திருந்தேன்.

“எடுத்துட்டுப் போ. எல்லாம் உனக்கு.”

“சாகப்போறியா?”

சொன்னேன். ஒரு தோட்டா டப்பாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தான்.

“யாருக்குத் தெரியும் இது?”

“வெல்டாவுக்குத் தெரியும். இப்ப எனக்கும் தெரியும்.”

“அவ போயிட்டா. நீ படிச்சதை மறந்துடு. ஷெரீஃப் வந்து தகரப் பெட்டியைக் கிளறப் போறாரா? அஞ்சு வாரத்துல மான் சீசன்டா! நீயில்லாம நான் யார்கூட போறது?”

“படிச்சதை எப்படிடா மறக்கறது? அதுக்கு ஒண்ணும் சொல்லிக்கொடுக்கலியே.”

“எல்லாம் அந்த நூலகத்துப் பொம்பளையால வந்த வினை” என்று திட்டிக்கொண்டே மூன்று நடையாக எடுத்துப் போனான். கடைசி நடையில், “வா, ஊருக்குள்ள போய் காப்பி குடிச்சிட்டு வரலாம்” என்றான்.

“உன் வண்டியில நான் ஏறக்கூடாது. உள்ள ரைபிள் மாட்டியிருக்க.”

கதவை அறைந்து சாத்திக்கொண்டு போய்விட்டான்.

அக்டோபர் 17, செவ்வாய்

தாளை ஆர்டித்திடம் காட்டவில்லை. சேர்த்து எழுதும் எழுத்து மட்டும் சொல்லிக்கொடு என்றேன். “இப்ப பள்ளிக்கூடத்துலயே அதை விட்டுட்டாங்களே, எதுக்கு?” என்றாள்.

“ஒரு லெட்டர் வந்திருக்கு.”

“குடுங்க, நான் படிச்சுச் சொல்றேன்.”

“ஐம்பது வருஷம் அப்படித்தான்மா படிச்சேன்.”

எழுந்தாள். கரும்பலகையில் முதல் சுருளைப் போட்டாள்.

அக்டோபர் 24, செவ்வாய்

இரண்டு வார்த்தை. ‘யார் கேட்டாலும்’.

அக்டோபர் 31, செவ்வாய்

முடிந்தது. முழுவதும் இதுதான்:

‘யார் கேட்டாலும் — பொய் சொன்னவள் நான். ஓர்வில்லுக்குப் படிக்கத் தெரியாது. இதைப் படித்துக் காட்டினால் நவம்பர் முழுக்க என் அடுப்படியில் உட்கார்ந்திருப்பான்.’

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். அது ஏற்கெனவே குடித்திருந்தது.

ஏன்டி இப்படி? சொல்லியிருந்தா நான் என்ன செத்தா போயிருப்பேன்? ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வியைப் படிச்சுட்டு ‘இல்லை’ன்னு போட்டியே! பக்கத்துல நின்னு நான் ரைபிளைத் தடவிப் பாத்துக்கிட்டிருந்தேன்.

பிடிபட்டால் எனக்காக நிற்க ஒரே ஒரு சாட்சி வைத்துவிட்டுப் போனாள். ஓர்வில்லுக்குப் படிக்கத் தெரியாது. அதையும் நான் கெடுத்துவிட்டேன்.

நவம்பர் 3, வெள்ளி

இலவச சட்ட உதவி வக்கீலம்மா போனில் பேசினார். பழைய விஷயம், துப்பாக்கிகளைக் கைமாற்றிவிட்டது நல்லது, இனி தொடாதீர்கள் என்றார். உரிமை திரும்பக் கிடைக்க வழி உண்டாம். குற்றம் நடந்தது அந்தப் பக்கம் என்பதால் முதலில் வர்ஜீனியா ஆளுநருக்கு மனு. அவர் சம்மதித்தால் அங்கே நீதிமன்றத்துக்கு மனு.

“எவ்வளவு நாள் ஆகும்?”

“சொல்ல முடியாதுங்க. கிடைக்காமலும் போகலாம். நான் நிரப்பித் தரேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க.”

“தாளை அனுப்புங்க. நானே நிரப்புவேன்.”

நவம்பர் 20, திங்கள்

சீசன் முதல் நாள். விடிந்ததிலிருந்து மலைமேல் வெடிச்சத்தம். அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

பீன்ஸைப் போட்டுவிட்டு வக்கீலம்மா அனுப்பிய தாள்களை எடுத்தேன். தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா என்ற கேள்விக்கு ‘ஆமாம்’ என்று எழுதினேன். கையெழுத்து போடுமிடத்தில் முழுப்பெயர். ஓர்வில் கிசமோர். பெயர் கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

மதியம் டென்சில் வந்தான். நடந்து வந்தான், மூச்சு வாங்கியது. மான் ஈரலைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்திருந்தான்.

“வண்டி எங்கடா?”

“கீழ, தபால் பெட்டிகிட்ட. உள்ள ரைபிள் இருக்குல்ல. அங்க நிறுத்துனா போதுமா, இன்னும் தள்ளி நிறுத்தணுமா? உன் புஸ்தகத்துல பாத்துச் சொல்லு.”

எங்கள் மேட்டுக்கு அவன் இதுவரை நடந்து வந்ததே இல்லை. ஈரலை வெங்காயத்தோடு வதக்கிச் சாப்பிட்டோம். போகும்போது, “எட்டுக் கிளைக் கொம்புடா. நீ சுட்டிருந்தா தப்பியிருக்கும்” என்றான்.

அவன் போனபின் கடைசிக் கேள்விக்கு வந்தேன். இந்தத் தாளை நிரப்ப உதவியவர் பெயர். வெல்டா கிசமோர் என்று எழுதினேன். எழுதியதைப் பார்த்தேன். சுழித்து, சேர்த்து எழுதியிருந்தேன். பிறகு அடித்துவிட்டு, பக்கத்தில் ‘யாரும் இல்லை’ என்று எழுதினேன்.

அதற்குள் பீன்ஸ் அடிப்பிடித்துவிட்டது. இன்று இரண்டாவது தடவை. அவள் சொன்னது சரிதான். நவம்பரில் அடுப்படிக்கு நான் ஆகாது.