அத்தையின் அரை டாலர்

வெஸ்ட் வின்ட்சர்
ஞாயிறு மதியம்

சௌபாக்கியவதி விஷாகாவுக்கு அப்பா பிச்சுமணியின் அநேக ஆசீர்வாதம். இங்கே உன் அண்ணா வீட்டில் எல்லோரும் பகவான் புண்ணியத்தில் சௌக்கியம். ரவுண்ட் ராக்கில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். போனில் பேசாமல் அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். மூன்று தடவை போனை எடுத்தேன், மூன்று தடவையும் உங்கள் ஊர் வெயிலை விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். தப்பு பண்ணினது நீங்க, நீங்களேதான் சொல்லணும் என்று அம்மா கழன்றுகொண்டாள். கோபித்துக்கொள்ளாமல் கடைசி வரை படி.

போன மாதம் உன் அண்ணா பெண் அதிதிக்கு முதல் பல் விழுந்தது. பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, ராத்திரி டூத் ஃபேரி என்கிற பல் தேவதை வரும், பல்லை எடுத்துக்கொண்டு காசு வைக்கும் என்று ஒரே குதி. உன் அண்ணா அனிருத்தும் மன்னி ப்ரியம்வதாவும் எடிசனில் ஒரு ரிசப்ஷனுக்குப் போயிருந்தார்கள், அதனால் தேவதை உத்தியோகம் என் தலையில் விழுந்தது. என் பர்ஸில் கார்டைத் தவிர ஒன்றும் இல்லை. நீ இங்கே விட்டுப்போன பழைய மேஜை டிராயரைத் துழாவினேன். ஊக்கு, ரப்பர் பேண்டு நடுவில் பெரிதாக ஒரு அரை டாலர் காசு கிடைத்தது. ஐம்பது சென்ட்தானே, ஆனாலும் குழந்தை கைக்குப் பெரிசாகத் தெரியுமே என்று எடுத்து வைத்துவிட்டேன். உன்னைக் கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லையம்மா. அதுதான் தப்பு.

அதிதி அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுச் சந்தானத்துக்குப் பழைய காசு சேர்க்கிற பைத்தியம் உண்டு. அவர் வாங்கி ஓரத்தைத் திருப்பிப் பார்த்தவர், அங்கிள், சாதாரண அரை டாலர்னா சைடுல செம்புக் கோடு பளிச்சுன்னு தெரியும், இதுல வெளுப்பா இருக்கே என்றார். ஓடிப்போய் நகை நிறுக்கிற குட்டித் தராசு கொண்டுவந்தார். பதினொன்றரை கிராம். வருஷம் 1970, அதற்கு மேலே பொடியாக D என்று ஒரு எழுத்து, காசை எந்த ஊரில் அச்சடித்தார்கள் என்பதற்கு அடையாளமாம். மேலும் கீழும் வெள்ளித் தகடு, நடுவில் செம்பு கூடுதலாகக் கலந்த வெள்ளி, மொத்தத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு வெள்ளியாம். அந்த வருஷத்து D காசைக் கடைத்தெருப் புழக்கத்துக்கே விடவில்லை, சேகரிப்பவர்களுக்குச் செட்டாகத்தான் விற்றார்கள், யாரோ செட்டைப் பிரித்துச் செலவழித்திருக்கிறார்கள் என்றார். அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். நீ படிக்கும்போது வேலை பார்த்த கேன்டீன் கல்லாவில் யாரோ கொடுத்த காசு அது, உன் காசைக் கல்லாவில் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டாய், முதல் இன்டர்வியூவுக்கு அதைக் கைக்குள் வைத்துக்கொண்டுதான் போனாய் என்றாள். அதன் மதிப்பைச் சரியாகத் தெரிந்துகொண்டு உனக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன்.

சனிக்கிழமை சந்தானம் காரில் அதிதியையும் கூட்டிக்கொண்டு காசுக்கடைக்குப் போனோம். கடைக்காரக் கிழவர் கண்ணில் லென்ஸை வைத்து வெகு நேரம் பார்த்துவிட்டு, இதை யார் தேய்த்தது என்று கேட்டார். அதிதி பெருமையாக, ஐ ப்ரஷ்ட் இட், டூ ஃபுல் மினிட்ஸ் என்றாள். பல்லுக்கு வந்த காசாயிற்றே, டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்திருக்கிறாள்! கிழவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தேய்க்காமல் இருந்தால் முப்பது டாலர் வரை போயிருக்கும், கீறல் விழுந்த பிறகு சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள், வெள்ளி விலைக்கு எட்டு டாலர் தருகிறேன் என்றார். விற்க வரவில்லை ஐயா, என் பெண்ணுக்குப் பதில் சொல்ல வந்தேன் என்றேன். சந்தானம் அதை இங்கிலீஷில் சொன்னதும் கிழவர் காசை ஒரு பிளாஸ்டிக் டப்பியில் போட்டுக் கொடுத்தார், டப்பிக்குக் காசு வாங்கவில்லை.

திரும்பி வரும்போது அதிதியிடம், ஃபேரி அவசரத்தில் அத்தை டிராயரிலிருந்து எடுத்துவிட்டது என்று மெல்லச் சொன்னேன். தாத்தா, தட்ஸ் ஸ்டீலிங் என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னாள். தேவதைக்கு விழவேண்டிய திட்டு எனக்கு விழுந்தது. உடனே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றாள். கூரியரில் அனுப்பலாமா என்றேன். நோ, அத்தை ஹாஸ் டு கம் அண்ட் டேக் இட் என்று சொல்லிவிட்டாள். இதில் என் தூண்டுதல் துளியும் இல்லை, அம்மா மேல் ஆணை. நீ வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவளுக்கு உன் முகம் ஐபேடில்தான் பழக்கம், அத்தை எவ்வளவு உயரம் என்று நேற்று என்னிடம் கேட்டாள்.

அப்பாவை மன்னித்துவிடு. அந்தக் காசுக்கு நீ வைத்திருந்த மதிப்பைக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது என்று இந்த வயதில் புரிகிறது. உன் வேலை மேன்மேலும் செழிக்கட்டும், தீர்க்காயுசாக இரு. ஃப்ரீவேயில் இருட்டினபின் டிரைவ் பண்ணாதே. டிசம்பரில் லீவு கேட்க மறக்காதே, டிக்கெட் போட்டதும் முதலில் அதிதிக்குச் சொல்லு, சுவரில் உன் உயரத்துக்கு ஒரு கோடு போட இடம் விட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன்னை எதிர்பார்த்திருக்கும் அப்பா,
பிச்சுமணி