நான் வெட்டிய கடைசிப் பந்தி

உன்னை அந்தச் சலவை லோன்றிக்குள் தள்ளிவிட்டு வெளியே வந்தவன் நான். உன் சாவுக்கு நோய், விதி, காலநிலை என்று இங்கே ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். நான் சொல்லப் போவதில்லை.

போன சனிக்கிழமை லண்டன் டெப்ட்ஃபோர்ட்டில், லோன்றியில் வேலை செய்யும் லான் அக்காவின் தம்பி நடத்தும் பலசரக்குக் கடை வாசலில் ஊதுபத்தி மணத்தது. நடைபாதையில் சின்னக் கோப்பைகளில் கஞ்சி வைத்து, உப்பும் அரிசியும் கலந்து எறிந்திருந்தார்கள். வியட்நாமியரின் ஏழாம் மாதமாம். வீடு போய்ச் சேராமல் செத்தவர்கள் இந்த மாதம் பசியோடு தெருவில் அலைவார்களாம், அவர்களுக்குத்தான் சாப்பாடு. இதை நீ எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தாய். வாய் நிறையப் பாண் துண்டை வைத்துக்கொண்டு சொன்னதால் நான் சிரித்துவிட்டேன். சனிக்கிழமை சிரிக்க முடியவில்லை. கோப்பைகளில் கால் படாமல் விலகி நின்றேன்.

இந்த வருடம் தை மாதம் எனக்கு இல்ஃபோர்ட்டில் ஒரு அலுவலக வேலை சரிவந்தது. லோன்றியிலிருந்து சான்றுக் கடிதம் வேண்டும். சுப்பவைசர் அண்ணை, நம்மவர்தான், கதிரையை விட்டு எழும்பாமலே சொன்னார்.

“போறதெண்டால் போ தம்பி. ஆனா உன்ர இடத்துக்கு ஒராளைக் கொண்டுவந்து விட்டிட்டுப் போ. அதுக்குப் பிறகுதான் கடிதம்.”

நீ அப்போது என் வால்தம்ஸ்டோ அறையில் நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தாய். அகதி வழக்கு நிராகரிக்கப்பட்டு, வேலை செய்ய அனுமதி இல்லாமல் ஏழு மாதம். நான் இழுத்திழுத்துக் கேட்டேன். நீ யோசிக்கவே இல்லை.

“ஓம் மச்சான், வாறன். சும்மா இருந்து உன்ர சீனியையும் தேயிலையையும் முடிச்சுக்கொண்டு இருக்கிறன்.”

என் பெயர் போட்ட வேலை அட்டையை உனக்குத் தந்தேன். அன்றிலிருந்து அந்த இடத்தில் நீதான் நான். ஹோட்டல் படுக்கை விரிப்புகள் மலைமலையாக வந்து இறங்கும் இடம் அது. ஆவியும் வெளுப்புக் காரமும் நெஞ்சுக்குள் இறங்கும் என்று எனக்குத் தெரியும். உனக்குச் சின்ன வயதிலிருந்து முட்டு வருத்தம், கொஞ்சம் ஓடினாலே மூச்சு விட ஏலாது என்றும் தெரியும். “பழகியிடும்” என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லை எத்தனை முதலாளிமாரின் வாயில் கேட்டு எரிச்சல்பட்டிருக்கிறேன்!

லான் அக்கா உனக்கு எதிரே நின்று விரிப்பு மடித்தார். இடைவேளையில் அவர் அரைகுறை ஆங்கிலத்தில் தன் நாட்டுப் பேய்களைப் பற்றிச் சொல்ல, நீ அவற்றை லண்டனுக்கு இழுத்து வந்து எழுதினாய். ஆற்றில் மூழ்கிச் செத்தவன் நீர்ப்பேயாகி அங்கேயே கிடப்பான். இன்னொருவனை இழுத்துத் தன் இடத்தில் போட்டால்தான் அவனுக்கு விடுதலை. நீ ஆற்றை எடுத்துவிட்டு லோன்றியின் பெரிய சலவைத் தொட்டியை வைத்தாய். தொட்டிக்குள் ஒரு தொழிலாளியின் பேய், தனக்குப் பதில் ஆள் தேடிக்கொண்டிருந்தது.

நான் அப்போது நண்பர்களோடு ஒரு சிறுபத்திரிகை நடத்தினேன். கதையை வாசித்துவிட்டு உன் மேல் பாய்ந்தேன்.

“அங்க ஊரில சண்டையில சனம் குவியல் குவியலாச் சாகுது, நீ பேய்க்கதை எழுதிறாய். வெட்கமா இல்லையே?”

“செத்த சனம் எங்க போகுதெண்டு உனக்குத் தெரியுமே? எனக்கும் தெரியாது. அதான் எழுதிறன்.”

இரண்டு பக்கம் நிரப்ப வேண்டியிருந்ததால்தான் போட்டேன். அதிலும் கடைசிப் பந்தியை, அந்தச் சில வரிகளை, வெட்டினேன். தொட்டிக்குள்ளிருந்து ஒரு கை நீளும். குனிந்து பார்க்கிறவனுக்கு அது தன் நண்பனின் கை என்று விளங்கும். அவன் கத்த மாட்டான், ஓட மாட்டான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தானாகவே இறங்குவான். ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினேன்: “தெரிந்துகொண்டு எவன் இறங்குவான்? நம்பும்படி இல்லை.” நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். “சரி, நீதானே ஆசிரியர். வெட்டு.” கையால் எழுதிய ஒரே பிரதி அது. தாளைக் குப்பையில் போட்டேன்.

சித்திரையில் உனக்கு மூச்சு மோசமானது. டாக்டரிடம் போகச் சொன்னேன். “என்ன பேரில போறது? லோன்றியில டாக்டர் துண்டு கேட்டால் உன்ர பேரில எல்லோ வேணும். உனக்குப் புது வேலை மச்சான், கடுதாசியில உன்னை நான் வருத்தக்காரன் ஆக்கேலாது.” நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்த நாள் பஸ்ஸில் போகும்போது அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. வேறு யோசனையால் மூடினேன்.

ஆனியில் ஒரு பகல், விரிப்பு அழுத்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் விழுந்தாயாம். ஆம்புலன்ஸ்காரர் உன் காதருகே குனிந்து திரும்பத் திரும்ப என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்களாம். லான் அக்கா சொன்னார். நீ திரும்பிப் பார்க்கவில்லை.

மரண வீட்டுக்குச் சுப்பவைசர் அண்ணை மாலையோடு வந்து கண்ணைத் துடைத்தார். அடுத்த கிழமை உன் இடத்தில் வேறொருவன் நின்றான். அவனைக் கொண்டுவந்து விட்டது யார் என்று நான் விசாரிக்கவில்லை. தொழிலாளர் துயரம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். நானே கொண்டுபோய் விட்ட தொழிலாளியைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை.

அந்தச் சனிக்கிழமை லான் அக்காவிடம் கேட்டேன்: உங்கள் ஊர்க் கதையில் தெரிந்துகொண்டே இறங்குகிறவன் உண்டா? நான் வெட்டிய பந்தியை விளக்கிச் சொன்னேன். உண்டு என்று சொல்லிவிடுவார், எல்லாம் அவர்களுடைய பழங்கதை என்று நானும் தப்பிவிடலாம் என்று நம்பினேன்.

“இல்லை” என்றார். “பேய் இழுக்கும். ஆள் கத்துவான். எங்கள் கதை அவ்வளவுதான்.”

“அப்படியானால் அந்த நண்பனின் கை?”

“அது அவன் எழுதியது.” கோப்பை ஒன்றில் கஞ்சி ஊற்றியபடி, “ஏன் வெட்டினாய்?” என்றார்.

என்னிடம் இப்போது இருப்பது அந்தப் பந்தியின் விஷயம் மட்டும்தான். உன் வசனம் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. அதைத் திருப்பி எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் என் பேனா உன்னை ஏமாந்தவனாகவே இறக்குகிறது. ஏமாந்தாய் என்றால் நான் ஒரு கயவன், அதோடு முடிந்தது. தெரிந்து வந்தாய் என்றால் நான் என்ன என்று எனக்குப் பெயர் கிடைக்கவில்லை.

நீ அட்டையை வாங்கிய அன்றே அது என் கை என்று உனக்கு விளங்கிவிட்டதா? பகிடி விடாமல், ஒரு முறை, நேராகச் சொல்லு மச்சான்.

சொல்லடா.